கண்ணை மூடினால் வராத முகம்

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்துகள் தெளிவாகத் தெரிவதால், உன் நீண்ட கடிதத்தை யார் உதவியும் இன்றி நானே படித்தேன். மறைந்த உன் தாயாரின் முகம் கண்ணை மூடினால் மனத்தில் எழுவதில்லை என்றும், இது மறதி நோயின் தொடக்கமோ என்றும் அஞ்சி எழுதியிருக்கிறாய். ஆனால், பழைய கல்யாணப் படத்தின் கூட்டத்தில் அவரை நொடியில் கண்டுகொள்வதாகவும், இளமையிலிருந்தே எந்த முகமும் மனத்தில் வந்ததில்லை என்றும் நீயே சொல்கிறாய். அப்படியானால், இதை நோயென்று அஞ்சுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

1880ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், காலை உணவு மேசையை மனத்தில் கொண்டுவந்து பார்க்கச் சொல்லிப் பலரிடம் வினவினார். சில அறிவியலாளர்கள், அப்படி ஒரு காட்சி தங்களுக்குத் தோன்றுவதே இல்லை என்று விடையளித்தார்கள். இத்தன்மைக்கு அஃபாண்டேசியா என்று 2015இல் பெயரிட்டவர், எக்ஸிடர் பல்கலைக்கழக நரம்பியலாளர் ஆடம் சீமன். பிக்சார் என்ற அசைபட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லும் இப்படிப்பட்டவர்தாம். உலகம் முழுவதும் பார்த்த அசைபடங்களுக்குப் பின்னால் இருந்தவருக்கே மனக்காட்சி இல்லை என்றால், நீ ஏன் கலங்க வேண்டும்?

இதற்கு நேர்மாறான ஒருவரைப் பற்றி அறிந்தபோதுதான் எனக்கு உண்மையில் வியப்பு உண்டாயிற்று. சி.கே. என்று மட்டும் ஆய்வேடுகளில் குறிக்கப்படும் அவர், தலையில் அடிபட்ட பிறகு, கண்ணெதிரே இருக்கும் பொருள் இன்னதென்று சொல்ல முடியாதவரானார். எனினும் நினைவிலிருந்து பொருள்களை நன்றாகவே வரைந்தார், பின்னொரு நாள் அதே படங்களைக் காட்டியபோது அவை எவை என்று அவருக்கே விளங்கவில்லை. 1992இல் வெளிவந்த இந்த ஆய்வு, கண்டறிவதும் மனத்தில் வரவழைப்பதும் ஒன்றில்லாமலும் மற்றது இயங்கக்கூடியவை என்பதைக் காட்டிற்று. உன்னிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை; அவ்வளவே.

மருமகளிடம் தாயாரின் முகத்தை விவரிக்க முயன்று திணறியதாகவும் எழுதியிருந்தாய். அதை உன் நினைவாற்றலுக்கு வைத்த தேர்வாகக் கொள்ளாதே. முகத்தை நாம் முழுமையாகப் பார்க்கிறோம். சொல்லும்போதோ மூக்கு, நெற்றி என்று பிரித்தாக வேண்டியிருக்கிறது. உளவியலாளர் ஜோனதன் ஸ்கூலர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், வங்கிக் கொள்ளைக் காட்சியைப் பார்த்துக் கொள்ளையனின் முகத்தை எழுத்தில் விவரித்தவர்கள், விவரிக்காதவர்களைவிடக் குறைவாகவே அவனைப் பின்னர் அடையாளம் கண்டார்கள். (சாட்சி சொல்வோரின் வருணனையை நான் முன்போல் அப்படியே நம்புவதில்லை.)

தெரிந்த வழி பிடிபடாமலோ, பழகிய முகங்கள் அன்னியமாகத் தோன்றியோ தடுமாறினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார். இப்போதைக்கு எனக்கு ஒன்றைத் தெரிவி: தாயாரின் குரலாவது மனத்தில் கேட்கிறதா? முகம் தோன்றாத சிலருக்குக் குரல் கேட்பதுண்டாம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்,
ராஜகோபால்