வயருக்குப் பணம் கட்டும் முன்

காவேரிப்பட்டணம்

அன்பு மகனுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ சூடாகிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பெங்களூர் கடையில் அந்த ஸ்பீக்கர் வயரை மாற்றிக் காட்டியதும் பாட்டே புதுசாகக் கேட்டது என்றாய். விலை 40 ஆயிரம். உனக்கு அப்படிக் கேட்டது என்பதை நம்புகிறேன். வயரால்தான் அப்படிக் கேட்டதா என்பதில்தான் சந்தேகம்.

பாலக்கோடு பக்கம் கல்யாணத்துக்கு செட் போடப் போனால் வீட்டுக்காரர்கள் முதலில் பெட்டியைத்தான் எண்ணுவார்கள். இதற்காகவே சில மைக்செட்காரர்கள் ஸ்பீக்கர் இல்லாத காலிப் பெட்டியையும் சேர்த்து அடுக்குவது உண்டு. அதிலிருந்து துளி சத்தமும் வராது. ஆனால் மறுநாள் கணக்குத் தீர்க்க வருகிறவர், "அந்த ஓரத்துப் பெட்டிதாங்க பேஸ் நல்லா அடிச்சுது" என்பார். மனசாரத்தான் சொல்வார்.

விவரம் தெரிந்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு பேர், ஹார்மன் என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் ஆட்களையே உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால், ஒரு முறை கண்ணுக்கு எதிரே. மார்க் மாறிப்போனது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அறையில் ஸ்பீக்கரை இடம் மாற்றினால் ஒலி நிஜமாகவே மாறும். திரை இருந்தபோது அதைப் பிடித்த காதுகள், எதிரே பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரும்பாலும் கோட்டை விட்டன. இல்லாததைக் கேட்கவைப்பது போதாதென்று, இருப்பதையும் கண் மறைத்துவிடுகிறது.

அப்புறம் வால்யூம். வயரை மாற்றும்போது கடைக்காரர் அதைத் தொட்டாரா, கவனித்தாயா? 1 டெசிபல் கூடினால் பெரும்பாலும் சத்தம் கூடியதாகத் தோன்றாது, தெளிவு கூடியதாகத்தான் தோன்றும். சத்தம் கம்மியாக இருந்தால் காது பேஸைக் குறைவாகத்தான் வாங்கும். அமெரிக்காவின் பெல் லேப் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்னது இது. குமிழைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பேஸ் தானாக எழும்பி வரும்.

அதற்காகக் காதே வேண்டாம், மீட்டர் போதும் என்கிற கட்சி நானில்லை. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் நிறைய. ஒரு மணி நேரம் கேட்டதும் தலை வலித்தால் அந்தப் பெட்டி உனக்கு ஆகாது, எவன் என்ன அளந்து காட்டினாலும் சரி. அறையும் அப்படித்தான். மூலையில் வைத்த பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் பார், டைல்ஸ் தரையில் ஒரு ஜமக்காளம் விரித்துப் பார். அங்கெல்லாம் உன் காதைத் தாராளமாக நம்பலாம்.

வயர் விஷயத்தில் நம்ப மாட்டேன். திருவிழாவுக்குத் தெருக்கோடி வரை இழுத்தால் கனமான வயர் வேண்டும், இல்லையென்றால் பவர் வழியிலேயே போய்விடும். உன் அறையில் ஆறடிக்கு ரெண்டரை ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் தாராளம்.

இருந்தாலும் நான் சொல்லி நீ கேட்க வேண்டாம், நீயே பார்த்துக்கொள். ஏற்ற இறக்கமில்லாத ஒரே டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்துகொள். இரண்டு வயருக்கும் 1 சதவீதத்துக்குள் ஒத்து வரவேண்டும். ஒலியின் நுணுக்கம் சில விநாடிகளுக்கு மேல் நினைவில் நிற்காது. அதனால் கழற்றி மாட்டுகிற கதையே ஆகாது, சட்டென்று மாற்ற வேண்டும். இரண்டு வயரையும் மாட்டி மாற்றுகிற மாதிரி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். உன் அறைத்தோழன் நாணயம் சுண்டி, உனக்குத் தெரியாமல் அதைத் திருப்பட்டும். முகம் காட்டிக்கொடுத்துவிடும், அவனை உன் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொல். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால் புது வயரில் ஏதோ இருக்கிறது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். குருட்டாம்போக்கில் அது நூற்றுக்கு நான்கு பேருக்குக்கூட அமையாது.

சுவிட்ச் பெட்டியை வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். அதுவரை கடைக்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா