தம்பிக்கு, பிராய் தினத்துக்கு முன்னால்

அன்புள்ள தம்பி,

செப்டம்பர் 24, பாரம்பரிய தினம் வருகிறது. தென்னாப்பிரிக்கா முழுக்க பிராய் போடும் நாள், வெளியே கரி மூட்டிக் கறி சுடும் நாள். டர்பனில் நம் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்கு வீடு புகை எழும். "அன்றைக்குச் சமையல் என் பொறுப்பு, என் மனைவிக்கு லீவு" என்று நீயும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். அந்த லீவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வருடம் நான் உன் வீட்டு அடுப்படியில்தான் நின்றேன். முதல் நாளே கறி வாங்கி வந்து, இஞ்சி பூண்டு அரைத்து, மசாலா தடவி வைத்தவள் அவள். விடிந்ததும் உருளைக்கிழங்கு சாலட். அப்புறம், பெரியம்மாவுக்குப் புரட்டாசி விரதமாச்சே! கறி படாத பாத்திரமாகத் தேடி எடுத்து அதில் பருப்பு, சோறு, பீன்ஸ் கறி எல்லாம் தனியாக. நீ வெளியே கரி மூட்டி, இடுக்கியால் கறியைத் திருப்பினாய். புகையில் உன் கண் எரிந்தது, உண்மைதான். ஆனால் உப்பு எங்கே, பெரிய தட்டு எங்கே என்று நடுநடுவே உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாய். சாப்பிட்டவர்கள் எல்லோரும் உன் தோளைத்தான் தட்டினார்கள். எல்லோரும் போன பிறகு, கொழுப்பு ஒட்டிய கம்பி வலையைத் தேய்த்தவள் அவள்.

நாத்தனார் பேசுகிற பேச்சா இது என்று அம்மா கேட்பாள். இருக்கட்டும், பேசத்தான் வேண்டும்.

1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டிமாருக்கு ஆண்களின் கூலியில் பாதிதான் கிடைத்தது. வீட்டு வேலைக்கு அதுவும் இல்லை. அரசுப் புள்ளியியல் துறை 2000-லும் 2010-லும் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. இரண்டு முறையும், சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களின் நேரம் ஆண்களைவிட மிக அதிகம். எண்ணெய் தீர்ந்ததா, யூனிஃபார்ம் காய்ந்ததா என்று நாள் முழுக்க மனதில் ஓடுவதை மணிக்கணக்கில் எழுதவும் முடியாது.

நீ சோம்பேறி இல்லை. சொன்னால் உடனே செய்கிறாய். ஆனால் சொல்வதும் அவள் வேலையாகவே இருக்கிறதே, தம்பி! ஒரே ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள். பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டை எடு. ரொட்டி இருக்கிறதா, டப்பா கழுவியாச்சா, சின்னவள் வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிடுவாளா, எல்லாம் உனக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவளிடம் போய் நிற்காதே. சின்னவளையே கேள், சொல்வாள்.

அன்புடன்,
அக்கா