இடது காதில் மட்டும் உப்புக் காற்று அடிக்குமா?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் உங்கள் இணையக் கடையில் 3,499 ரூபாய் கொடுத்து வாங்கிய ப்ளூடூத் இயர்பட்ஸ் பற்றி நான் எழுதும் நான்காவது மெயில் இது. முந்தைய மூன்றையும் யாரும் முழுசாகப் படித்த மாதிரி தெரியவில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பெட்டியைப் பிரித்த அன்றே இடது பக்கம் சத்தம் கம்மி. நான் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன். கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் பாம்பன் பாலத்தில் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதே காதில் விழாது, அங்கே உட்கார்ந்து கேட்டுவிட்டுக் குறை சொல்ல நான் வரவில்லை. ராத்திரி வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்துக்கொண்டே கேட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூன்றை வைத்து ஒப்பிட்டேன். ஒன்று உங்களுடையது. இன்னொன்று என்னிடம் எட்டு வருஷமாக இருக்கும் வயர் இயர்போன், இப்போதைய ஃபோனில் அதற்கு ஓட்டை இல்லாததால் டைப்-சி அடாப்டர் போட்டு மாட்டினேன். மூன்றாவது அக்கா மகனிடம் கடன் வாங்கிய 900 ரூபாய் ப்ளூடூத். சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலவே தோன்றும் என்பதால், மூன்றின் வால்யூமையும் முடிந்தவரை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். பாட்டு, பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஒரு இளையராஜா பாட்டு.

அக்கா மகனுடையதில் பேஸ் வீங்கிப்போய், பானைக்குள் தலையை விட்டுக் கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் பாடுகிற குரல் நடு மண்டையில் நின்றது. பழைய வயரிலும் அப்படியே. உங்களுடையதில் மட்டும் குரல் வலது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், உங்கள் வலது பட் மூன்றிலும் அருமை, பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறது. அதே மாதிரி இன்னொன்றைத் தந்திருந்தால் இந்த மெயிலே வந்திருக்காது.

மூன்றாம் நாளே எழுதினேன். ரீசெட் பண்ணச் சொன்னீர்கள், பண்ணினேன். ரப்பரை மாற்றச் சொன்னீர்கள், பெட்டியில் இருந்த மூன்று அளவையும் போட்டுப் பார்த்தேன். காதில் சரியாக அடைக்காவிட்டால் முதலில் போவது பேஸ்தான், இங்கே குரல், வயலின், எல்லாமே சேர்ந்து இறங்கியிருக்கிறது. ஃபோனில் மோனோ போட்டு இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலியை அனுப்பினேன், அப்போதும் இடது கம்மி. என் காதே கோளாறோ என்று இடது பட்-ஐ வலது காதில் விரலால் அழுத்திப் பிடித்துக் கேட்டேன், சத்தக் குறைவும் கூடவே அந்தக் காதுக்கு வந்தது. வேறு ஃபோனிலும் பார்த்தாயிற்று. ஏஏசி, எஸ்பிசி என்று கோடெக்கை, அதாவது ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை, மாற்றியும் பார்த்தாயிற்று, ஒரு பக்கத்தை மட்டும் குறைப்பது கோடெக்கின் வேலையும் இல்லை.

இதற்கெல்லாம் உங்கள் ஆள் அனுப்பிய பதில்: "ஒலித்தரம் அவரவர் ரசனையைப் பொறுத்தது." ஐயா, ஒரு காதுக்கு ஒரு ரசனை, மறு காதுக்கு வேறு ரசனையா?

அப்புறம் மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொரியரில் அனுப்பினேன். ஆகஸ்டில் திரும்பி வந்தது, கூடவே ஒரு சீட்டு: கடலோர உப்புக் காற்றால் உள்ளே அரிப்பு, வாரண்டி பொருந்தாது. முகவரியைப் பார்த்துவிட்டு எழுதின மாதிரிதான் இருக்கிறது. இங்கே உப்புக் காற்று சைக்கிள் செயினையும் ஜன்னல் கம்பியையும் தின்பதை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், ஆனால் அதற்கும் மாதக்கணக்கு ஆகும், மூன்று நாளில் தின்னாது. அதுவும் ஒரே டப்பாவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டில் ஒன்றை மட்டும் பொறுக்கியா தின்னும்? உங்கள் பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறது. அது தண்ணீர் தெறிப்புக்குத்தான், கடல் தண்ணீருக்கு இல்லை என்று எனக்கும் தெரியும், நான் ஒன்றும் அதை மாட்டிக்கொண்டு வலை இழுக்கப் போகவில்லை. எங்கள் ஊர்க் காற்று ஆகாது என்றால் பின்கோடு போட்டபோதே டெலிவரி கிடையாது என்று சொல்லியிருக்கலாமே.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். அரிப்பு இருந்தது உண்மையென்றால் திறந்து எடுத்த படத்தை அனுப்புங்கள். இரண்டு பட்களின் சத்தத்தையும் ஒரே மைக்கில் அளந்த கிராஃபையும் அனுப்புங்கள், ரசனையா கோளாறா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டும் முடியாது என்றால் வேறு ஜோடி தாருங்கள், இல்லை பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாள் பார்ப்பேன். அதற்குமேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுவேன், அதிலும் நடக்கவில்லை என்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

மூன்றாம் நாள் அனுப்பிய மெயிலையும் உங்கள் சீட்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன். மதுரைக்கு அனுப்பிய கொரியர் செலவு 140 ரூபாய், அந்த ரசீதும் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்