பழைய ராணுவத் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

உறுப்பினர்கள் கொண்டுவந்த ரைபிள்களின் பிறப்பிடத்தையும் அவற்றுக்குரிய தோட்டாவையும் கண்டறிவதிலேயே இந்த ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. பிறப்பிடம் பெரும்பாலும் முத்திரையிலேயே தெரிந்துவிடுகிறது. ரஷ்யாவின் மோசின்-நாகான்ட் ரைபிளில் முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க் தொழிற்சாலை, நட்சத்திரம் இருந்தால் தூலா தொழிற்சாலை. அதிலேயே கட்டத்துக்குள் 'எஸ்ஏ' என்றும் இருந்தால் பின்லாந்து ராணுவம் வைத்திருந்தது. பேரரசரின் சின்னமான செவ்வந்திப் பூவைத் தேய்த்து அழித்திருந்தால் ஜப்பானின் அரிசாகா ரைபிள். இதில் இளைய உறுப்பினர்கள் என்னை முந்திவிட்டார்கள்.

தோட்டா விஷயத்தில்தான் சண்டை. ரிசீவரில், அதாவது குழலின் பின்னால் போல்ட் இயங்கும் உலோகக் கூட்டில், உள்ள முத்திரையை நம்பித் தோட்டாவைச் சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 7.65 மி.மீ. தோட்டாவுக்கென்று வாங்கிய ஜெர்மானிய மவுசர் ரைபிள்களைத் துருக்கி பின்னாளில் 7.92 மி.மீ. ஆக்கியது. இஸ்ரேல் தன் கே98கே மவுசர் ரைபிள்களை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. ஆஸ்திரியாவின் எம்95 ரைபிள் 8×50 மி.மீ. தோட்டாவிலிருந்து 8×56-க்குப் போனது. அதற்காவது குழலின் பின்முனையில் பெரிய 'எஸ்' குத்தினார்கள். எல்லோரும் அவ்வளவு கரிசனம் காட்டவில்லை.

பி14, எம்1917 ரைபிள்கள் பற்றிய விவாதம் இரண்டு கூட்டங்களை விழுங்கியது. இரண்டும் அமெரிக்காவில் அதே தொழிற்சாலைகளில் உருவான இரட்டையர். முன்னதன் தோட்டா .303, பின்னதன் தோட்டா .30-06. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஹோம் கார்டு படையினர் குழம்பாமலிருக்க .30-06 ரைபிளின் மரக்கட்டையில் சிவப்புப் பட்டை தீட்டினார்கள். பட்டை இல்லாவிட்டால் .303தான் என்று வாதிட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை: பெயின்ட் உரியும், கட்டையையும் மாற்றலாம்.

ஆகவே வார்ப்பு எடுக்கப் பழகினோம். சுமார் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் செரோசேஃப் உலோகத்தைத் தோட்டா அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில், ஊற்றி, எடுத்து அளக்க வேண்டும். அது முதலில் சுருங்கும், பிறகு விரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் அளவுக்கு வந்து நிற்கும். ஊற்றிய கையோடு வெர்னியர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டாம். அறை மட்டும் போதாது, குழலையும் ஈயக் குண்டு செலுத்தி அளக்க வேண்டும்: 1888 ஜெர்மானிய ரைபிளின் தோட்டாவில் குண்டின் விட்டம் .318 அங்குலம், 1905-க்குப் பிந்தையதில் .323. அறையின் வார்ப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வார்ப்பு அளவைத்தான் சொல்லும். சுடத் தகுந்ததா என்பதைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில்வல்லுநர்தான் சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் பிறப்பிடத்துக்கும் தோட்டாவுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. வார்ப்பு எடுக்காத ரைபிளுக்கு இரண்டாம் பத்தி வெற்றாகவே இருக்கும். மூத்தவர்கள் சிலர் எதிர்ப்பார்கள் என்று அறிவேன். விவாதத்தை உணவு இடைவேளைக்கு முன்பே முடித்துவைக்குமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்