அணைத்து ஓட்டியவனுக்கு என்ன தண்டனை?

மெல்டன், விக்டோரியா

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பத்து நாளாகிறது. பதினோரு நிமிஷம் பேசியிருக்கிறாய். அதில் நாலு நிமிஷம் வெறும் மூச்சிரைப்பும் கெட்ட வார்த்தையும்தான். கோபம் நியாயமானது. மாட்டு வண்டிப் பந்தயத்தில், வண்டிகள் திரும்பி வருகிற எல்கைத் திருப்பத்தில், இடமே இல்லாத இடத்தில் பக்கத்து வண்டிச் சாரதி தன் வண்டியை நுழைத்து உன் வண்டியை நெருக்கி அணைத்திருக்கிறான். உன் வலத்து மாடு முழங்கால் போட்டு விழுந்திருக்கிறது, துணைச் சாரதிப் பையனுக்குக் காறை எலும்பு போயிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு மைக்கில் அவன் பேரைச் சொல்லி, துண்டு போர்த்தி, முதல் பரிசையும் கையில் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் விழாக் கமிட்டி, "ஓட்டத்துல இதெல்லாம் சகஜம்ப்பா" என்கிறதாம்.

போனில் பதில் சொல்லலாம். ஆனால் பாதியிலேயே நீ மாட்டுத் தீவனத்துக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வீட்டில் எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மகளுக்குப் பள்ளியின் கடைசி வருஷம், ராத்திரி ஒரு மணி வரை விளக்கு எரிகிறது. இது ஜூலைக் குளிர். காலை நாலரைக்கு டிப்போவுக்குக் கிளம்பும்போது கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டியாக வேண்டும். ஊர் பேங்கின் காலாவதியான ஏடிஎம் கார்டு அதற்கு ரொம்ப வசதி.

நீ கேட்டது: "உங்க ஊர்ல இப்படி ஒருத்தன் அணைச்சு ஓட்டினா என்னடா செய்வாய்ங்க?"

நம்ம பந்தயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒன்று என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. முன்பு மெல்பர்னுக்குள்ளே மூனி வேலியில் நடந்ததாம். 2009-ல் இந்த மெல்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குதிரை வண்டிப் பந்தயம், ஜனங்கள் 'ட்ராட்ஸ்' என்பார்கள். ஒற்றைக் குதிரை, பின்னால் சல்கி என்று இரண்டு சக்கர வண்டி, அதில் ஒரே ஆள். துணைச் சாரதி இல்லை, வாலை முறுக்குகிற வேலை இல்லை. பெரும்பாலும் 'பேசர்' வகைக் குதிரைகள்தான். இடப்பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும், அப்புறம் வலப்பக்கத்து இரண்டும். ஒட்டகம் மாதிரிதான், ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அந்த நடை குலைந்து குதிரை நாலுகால் பாய்ச்சலுக்குப் போய்விட்டால் இழுத்துப் பிடித்து மறுபடி நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள்.

புறப்பாடு பார்க்க அழகாக இருக்கும். ஒரு கார் இரண்டு பக்கமும் இறக்கையை விரித்துக்கொண்டு முன்னால் ஓடும். குதிரைகள் அந்த இறக்கையில் மூக்கை வைத்தபடி வரிசையாக ஓடிவரும். குறித்த இடம் வந்ததும் கார் சீறிக்கொண்டு விலகிவிடும். நம்ம கொடியசைப்பில் நடக்கிற தள்ளுமுள்ளு, "நான் இன்னும் ரெடியாகலை" என்கிற கூச்சல், எதுவும் கிடையாது. இன்னொன்று: ஆணும் பெண்ணும் ஒரே ஓட்டத்தில் சேர்ந்து ஓட்டுகிறார்கள், தனிப் பிரிவு இல்லை. இதே விக்டோரியாக்காரி கெரின் மேனிங் 2015-ல் நியூசிலாந்துக் கோப்பையை ஜெயித்தார். அந்தக் கோப்பையை ஜெயித்த முதல் பெண் ஓட்டுநர் அவர்தான். மகளிடம் சொன்னேன், சரிப்பா என்றாள்.

வண்டிப் பந்தயத்தில் ஆபத்து சக்கரத்தில் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக் கால் ஆரக்கால்களுக்குள் சிக்கக் கூடாதென்று இங்கே சக்கரத்தைத் தட்டு போட்டு மூடியிருப்பார்கள். ஆனாலும் பின்னால் வருகிற குதிரையின் முன்கால்கள் முன்னே போகிறவனின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும். ஒரு நொடிக்குப் பதினாலு மீட்டர் போகிற வேகத்தில் ஒரு முழம் என்றால் என்ன, கண் இமைக்கிற நேரம்கூட இல்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ராத்திரி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்று. முதலில் போகிறவன் உள்வரிசையில். அவனுக்கு வெளியே ஒட்டி ஓடுகிற இடத்துக்கு இங்கே பேரே 'டெத் சீட்', சாவு இருக்கை. காற்று முழுக்க முகத்தில் அடிக்கும், வளைவில் தூரமும் கூடும். வெளிப்பக்கம் மூன்றாம் வரிசையில் ஓடிக்களைத்த ஒருவன் உள்பக்கமாக இரண்டாம் வரிசைக்குள் இறங்கப் பார்த்தான். தலையைத் திருப்பி ஒரு தடவை பார்க்கவும் செய்தான். பின்னால் வந்த குதிரையின் மூக்கு அவன் சக்கரத்துக்கு நேராக இருந்தது. ஆனாலும் இழுத்துவிட்டான்.

முதலில் 'கர்' என்று ஒரு சத்தம், உடனே 'டப்'. டயர் போய்விட்டது. உள்ளே இருந்தவன் வண்டியில் மல்லாந்து படுக்காத குறையாகச் சாய்ந்து கடிவாளத்தை இழுத்தான். அவன் குதிரை நடை குலைந்து துள்ளியது. அதற்குப் பின்னால் வந்தவன் எப்படி வெளியே வெட்டினான் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. யாரும் விழவில்லை. இறங்கியவன் மூன்றாவதாக வந்தான்.

யாரும் விழாவிட்டால் நம்ம பக்கம் பஞ்சாயத்தே கிடையாது. இங்கே அடுத்த ஓட்டத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரையும் ஸ்டூவர்ட் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஸ்டூவர்ட் என்றால் கப்பலில் காபி கொடுக்கிறவர் இல்லை, பந்தயத்துக்கு நாட்டாமை. ஆனால் ஊர்க்காரர் இல்லை. சம்பளத்துக்கு இருக்கிறவர். அவர் வீட்டுக் குதிரை எதுவும் ஓடாது. இதை அடிக்கோடிட்டுக்கொள்.

அறைக்குள் நடப்பதைப் பக்கத்து வீட்டுக் கிழவர் சொல்லித்தான் தெரியும். இரண்டு குதிரை வைத்திருக்கிறார், லைசன்ஸ் உண்டு, அந்த அறையில் தானே நின்றவர். ஓட்டுநர்களுக்கு இங்கே ஆளுக்கொரு சட்டை நிறம் பதிவாகியிருக்கும். அந்தச் சட்டையில் மண் தெறித்திருக்க, ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நிற்பார்களாம். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திப் போடுவார்களாம். அடிபட்டவன் பெரும்பாலும் வாயைத் திறக்க மாட்டான். அடுத்த வாரம் அவனே அந்த இடத்தில் நிற்கலாம் இல்லையா?

எனக்குப் பிடித்தது கேள்விதான் மாப்ளே. "வேண்டுமென்று செய்தாயா?" என்று கேட்பதில்லையாம். "நீ இறங்கும்போது பின்னால் இருந்தவனுக்கு முழுசாக இடம் விட்டிருந்தாயா?" என்றுதான் கேட்பார்களாம். முதல் கேள்விக்கு எவனும் சத்தியம் பண்ணிவிடுவான், குலசாமி மேலேயே பண்ணுவான். இரண்டாவதற்குப் படமே பதில் சொல்லிவிடும்.

மார்ச்சில் நான் பார்த்த ஓட்டத்தில் இறங்கியவன் ஒப்புக்கொண்டான். இரண்டு வாரம் சஸ்பென்ஷன். மறுநாள் அறிக்கை வந்துவிட்டது: எந்த ஓட்டம், எந்த இடத்தில், யார் யார்மேல் இறங்கினார், யாருக்கு டயர் போனது, என்ன தண்டனை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானே டீக்கடை பேப்பர் மாதிரி வாராவாரம் படிக்கிறேன்.

விதிப் புத்தகத்தில் 163-ஆவது மற்றவனுக்குக் குறுக்கே போவது, இடிப்பது, இடைஞ்சல் பண்ணுவது பற்றியது. 168-ஆவதில் ஓட்டுகிற லட்சணத்தைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். கவனக்குறைவாக ஓட்டுவது ஒன்று, ஓட்டத் தெரியாமல் ஓட்டுவது ஒன்று, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஓட்டுவது இன்னொன்று. நம்மிடம் இந்தப் படிகளே கிடையாது. ஒன்று "சகஜம்ப்பா", இல்லாவிட்டால் அரிவாள்.

நான் காரைக்குடி–மதுரை ரூட்டில் அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். இடித்துவிட்டு நின்றால் "ஹாரன் அடிச்சியா?" என்று கேட்பார்கள். "ஏன் அங்கே திருப்பினாய்?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இங்கே லைசன்ஸில் மூன்று வருஷத்துக்குள் 12 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் லைசன்ஸே போய்விடலாம். போன வருஷம் ஒரு நிறுத்தத்தில் பக்கக் கண்ணாடி கம்பத்தில் தட்டியதற்கு என்னை உட்காரவைத்து பஸ் கேமரா படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தில் என் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்த்தபோது எனக்கு உன் வீட்டு அண்டா ஞாபகம் வந்தது.

ஆமாம், அந்தப் பித்தளை அண்டாதான். கண்மாய்க் கரை ரோட்டில் நாம் ஜெயித்தது. நீ சாரதி, நான் துணை. திருப்பத்தில் பக்கத்து வண்டி கரையோரம் சரிந்து இறங்கியதற்கு அவர்கள் மாடு மிரண்டதுதான் காரணம் என்று இத்தனை வருஷமாக நீயும் நம்புகிறாய், ஊரும் நம்புகிறது. மாடு மிரளவில்லை. அவன் அரை வண்டி உள்ளே வந்துவிட்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உள்மாட்டின் வாலைத் திருகினேன். நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சாரதி அதன்பிறகு வண்டி ஏறவில்லை. நமக்கு ஆளுயர மாலை. அண்டாவை நீ எடுத்துக்கொண்டாய், எனக்கு 50 ரூபாய் கொடுத்தாய். இந்த ஊர்ப் புத்தகத்தில் அது கவனக்குறைவில் வராது, கடைசிப் படியில் வரும். இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னை அணைத்தவனைத் திட்டுகிற வரிசையில் நின்றுகொண்டு இதை மறைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

தண்டனைக்கு வருகிறேன். அபராதம் போடுவார்கள், ஓட்டத் தடையும் போடுவார்கள். தடைதான் சுடும். ஓட்டுக்கு இவ்வளவு கூலி, ஜெயித்தால் பரிசில் பங்கு என்று பிழைக்கிறவன் இரண்டு வாரம் வீட்டில் இருந்தால் அவன் குதிரைகளில் வேறொருவன் ஏறிவிடுவான், சில சமயம் அங்கேயே தங்கியும்விடுவான். வாரத்துக்கு முப்பது ஓட்டம் ஓட்டுகிறவனுக்கும் மூன்று ஓட்டுகிறவனுக்கும் இரண்டு வாரம் ஒன்றாகுமா? பக்கத்து நியூசிலாந்தில் தடையை எடை போடும்போது அவன் எத்தனை ஓட்டத்தை இழப்பான் என்றே எண்ணிப் பார்க்கிறார்கள். அது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. இடைஞ்சலால் இன்னொரு குதிரையின் இடம் போனது என்று தெரிந்தால் இறங்கிய குதிரையையும் அதற்குக் கீழே தள்ளிவிடுவார்கள். உன் கமிட்டி இந்த ஒன்றையாவது செய்திருக்கலாம். தண்டனை பிடிக்காவிட்டால் மேலே போகவும் வழி உண்டு. 2019 ஆகஸ்ட் முதல் இந்த மாநிலத்தில் ஓட்டக் குதிரை, வண்டிக் குதிரை, நாய்ப் பந்தயம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பாயம்.

எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதே. பெரிய பந்தயம் வருகிற நேரத்தில் தடை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது என்று கிழவர் கண்ணடிக்கிறார். ஒரே மாதிரித் தவறுக்கு ஒருத்தனுக்குப் பத்து நாள், இன்னொருத்தனுக்கு மூன்று வாரம் என்று அறிக்கையில் நானே பார்த்திருக்கிறேன். பழைய கணக்கு, ஒப்புக்கொண்டானா இல்லையா, அடுத்தவனுக்கு எவ்வளவு பாதிப்பு என்றெல்லாம் பார்ப்பார்களாம், அதனால் வித்தியாசம் வருமாம். இருக்கலாம்.

இன்னொரு பக்கம் 149-ஆவது விதி. ஜெயிக்கக் குதிரைக்கு முழு வாய்ப்பையும் கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும், கொடுக்காவிட்டால் அது இதைவிடப் பெரிய குற்றம். பந்தயம் கட்டுகிற காசு புரளுகிற இடம், அதனால் அப்படி. ஆக, இடைவெளி தெரிந்தும் நுழையாதவனைக் கூப்பிட்டு "ஏன் போகவில்லை?" என்று கேட்பார்கள். இல்லாத இடைவெளியில் நுழைந்தவனை "ஏன் போனாய்?" என்று கேட்பார்கள். அந்தக் கால் நொடியில் முடிவெடுக்கிறவனை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. குதிரையே தானாகக் குலைந்து மேலே விழுந்தால் ஆளை விட்டுவிடுவார்கள். குதிரையை நிறுத்தி, தனியாக ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், சரியாக ஓடினால்தான் மறுபடி பந்தயம்.

இனி உன் ஊர். அங்கே சம்பளத்துக்கு நாட்டாமை வைக்க முடியாது, தெரியும். கமிட்டியில் ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் மாடு இருக்கிறது, இல்லாவிட்டால் மச்சானுக்கு இருக்கிறது. திருப்பத்துக்கு மட்டும் நாலு ஊர் தள்ளி இரண்டு பேரைக் கூப்பிடு. ரிட்டயர் ஆன கால்நடை டாக்டர், பழைய சாரதி, இப்படி யாராவது. மாட்டோடு கூடவே பைக்கில் கத்திக்கொண்டு வருகிற கூட்டத்தைத் திருப்பத்துக்கு முன்னாலேயே நிறுத்து. போன தடவை நீ அனுப்பிய வீடியோவில் மாட்டைவிட சைலன்சர்தான் அதிகம் தெரிந்தது. நோட்டீஸிலேயே அச்சடித்துவிடு: அணைத்து இடைஞ்சல் செய்தால் பரிசு கிடையாது, அடுத்த பந்தயத்தில் அந்தச் சாரதிக்கு இடமும் கிடையாது. மாட்டுக்காரர் வேறு சாரதி போட்டுக்கொள்ளட்டும், மாடு என்ன செய்யும்?

படம் இல்லாமல் எதுவும் நிற்காது. எல்கைத் திருப்பத்துக்கு எதிரே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதன் மேலே ஒரு போனைக் கட்டிவைத்தால் இரண்டு பக்கமும் தெரியும். ஏணியில் மேலே மூன்றாவது கம்பி நம்ம காலத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. பையன்களை ஏற்றாதே, கயிறு கட்டி வயர்மேனை ஏற்று.

மாட்டின் முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது.

உன்,
மச்சான்