உன் வேலையைப் பற்றி நீயே பேசு

அன்புள்ள தம்பிக்கு,

"வேலை தெரிந்தால் போதாதா அண்ணா, ஆங்கிலம் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிந்தது. நியாயமான கோபம்தான். சரளமாக ஆங்கிலம் பேசுபவனை அறிவாளி என்றும் தட்டுத் தடுமாறுபவனை மந்தம் என்றும் முடிவுகட்டும் ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள். அது சுத்த மடத்தனம். அவர்களுக்குப் பயந்து நீ ஆங்கிலம் பழக வேண்டியதில்லை. நான் சொல்லும் காரணம் வேறு.

இப்போது கூட்டங்களில் உன் வேலையைப் பற்றிப் பேசுவது யார்? உன் குழுத் தலைவர். நீ தமிழில் அவருக்கு விளக்குகிறாய், அவர் அங்கே ஆங்கிலத்தில் சொல்கிறார். நல்ல மனிதர், உன் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்பவர் அல்லர். ஆனாலும், "இந்த வழியில் போனால் கட்டாயம் நின்றுவிடும்" என்று நீ அடித்துச் சொன்னது அவர் வாயில் "சில சிக்கல்கள் வரலாம்" என்று ஆகிவிடுகிறது. எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார். பிறகு அது நிற்கும்போது இரவெல்லாம் கண்விழிப்பது நீ.

பேச்சு இப்படிக் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்களோடு ஆங்கிலத்தில் பேசியவர் துணை விமானி. அவசர நிலை என்று சொல்லும்படி தலைமை விமானி ஸ்பானிய மொழியில் சொன்னார். சொன்னாயா என்று மறுபடியும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்று பதில் வந்தது. பதிவில் இருப்பதோ வேறு: திரும்ப வேண்டிய திசையை ஒப்புக்கொண்டுவிட்டு, அதே மூச்சில், வால்போல ஒட்டிக்கொண்ட 'எரிபொருள் தீர்கிறது'. அவசர நிலை அறிவிக்கப்படவே இல்லை. விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் மொழிமேல் போட முடியாது. ஆனால் அந்தத் துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை என்பதைக் கவனி. தெரிந்த ஆங்கிலத்தில், சொல்ல வேண்டியதை எதிராளி நிமிர்ந்து உட்காரும்படி சொல்லவில்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் வைத்திருக்கும் மொழித் தகுதி அளவுகோலைப் பார்த்தால் உனக்குத் தைரியம் வரும். மொத்தம் 6 நிலைகள். சர்வதேசப் பறப்புக்கு 4ஆம் நிலை போதும், 2008 மார்ச் முதல் அது கட்டாயம். அந்த நிலையில் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம், எப்போதாவது மட்டும் புரிதலைக் கெடுத்தால் பரவாயில்லை. இலக்கணப் பிழைகளும் வரலாம், அவை பொருளைப் பெரும்பாலும் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: புரியாதபோது திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொள்ளத் தெரிய வேண்டும்.

உன்னிடம் இல்லாதது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புரியாவிட்டாலும் "சரி, சரி" என்கிறாய். கேட்டால் ஆங்கிலம் வராது என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று கேட்பதற்கு ஐந்தாறு எளிய சொற்கள் போதும், தம்பி. அதற்கு மேடைப் பேச்சாளனாக வேண்டாம்.

சொற்களஞ்சியம் பற்றிக் கவலைப்பட்டாய். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் எளிய ஆங்கிலத்தில் ஓர் ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1500 அடிப்படைச் சொற்களை வைத்துக்கொண்டு, நிதானமான வேகத்தில் உலகச் செய்திகளைச் சொன்னார்கள். போரும் தேர்தலும் அறிவியலும் அதற்குள் அடங்கின. உன் வாராந்திர அறிக்கை அடங்காதா?

எழுத்துக்கு மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பாய். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கூட்டத்தில் ஒருவர் மூச்சுவிடும் இடைவெளியில்தான் நீ குறுக்கே புக முடியும். செயலியைத் திறப்பதற்குள் முடிவெடுத்து எழுந்து போயிருப்பார்கள்.

எழுத்திலும் செயலி உன்னைக் காப்பாற்றிவிடாது. போன வாரம் நீ எனக்குக் காட்டிய மின்னஞ்சலையே எடுத்துக்கொள். நலம் விசாரிப்பு, தொந்தரவுக்கு மன்னிப்பு, பிறகு வேலையின் வரலாறு. உனக்குத் தேவையான கோப்பைக் கேட்ட வரி கடைசிப் பத்தியின் நடுவில் ஒளிந்திருந்தது. இலக்கணப் பிழையே இல்லை, பதிலும் வரவில்லை! முதல் வரியிலேயே "இந்தக் கோப்பு இன்று வந்தால் நாளை முடித்துவிடுவேன், வராவிட்டால் வேலை நிற்கும்" என்று எழுதியிருக்கலாம். கேட்பதை நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அந்த மின்னஞ்சலை நான்கு வரியில் திருப்பி எழுதி எனக்கு அனுப்பு. "அடுத்த கூட்டத்தில் என் பகுதியை மட்டும் நானே சொல்லட்டுமா?" என்று குழுத் தலைவரிடம் இன்றே கேட்டுவிடு. நடுவில் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க அவர் பக்கத்தில்தானே இருக்கப்போகிறார்.

அன்புடன்,
அண்ணன்