தலைப்பில் 'குண்டு', படத்தில் தலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த உடல் பருமன் கட்டுரையைப் படித்தேன். உள்ளே எழுதியிருந்தது நல்ல விஷயம்தான். ஆனால் 'குண்டு ஆசாமிகளே, உஷார்!' என்று தலைப்பு வைத்தது யார் என்று தெரியவில்லை. அதே பக்கத்தில், கீழே இருந்த துணுக்கில், 'சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை உணவைத் தவிர்க்க வேண்டாம்' என்று மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் என்றெல்லாம் எழுத வருகிறது. எடை என்று வந்ததும் மட்டும் ஆளே குண்டாகிவிடுகிறார்.

நான் மன்னார்குடியில் தையல்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கையும் சுடிதாரும்தான் பெரும்பாலும். டேப்பைக் கையில் எடுத்ததுமே, "அக்கா, கை கொஞ்சம் பெருசு, திட்டாதீங்க" என்று ஆரம்பிக்கிற பெண்கள் எத்தனையோ பேர். துணி அவர்களுடையது, கூலி கொடுப்பதும் அவர்கள். என்னிடம் எதற்கு மன்னிப்பு?

ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை கூடியது. சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர், "என்னம்மா இப்படி ஊதிட்டே, எந்தக் கடையில அரிசி வாங்குற?" என்றாராம். எல்லோரும் சிரிக்க, இவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அப்புறம் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். மொய்க் கவரை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார். உடம்பு அசதி, முடி கொட்டுகிறது என்று மருத்துவரிடம் போனபோது, என்ன ஏது என்று கேட்கும் முன்பே "முதல்ல தீனியைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கமே திரும்பிப் போகவில்லை. வேறோர் இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிவதற்குள் வெகுகாலம் ஓடிவிட்டது. இதை அவர் என்னிடம் சொன்னது ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிடக் கொடுக்க வந்தபோது.

எங்கள் தொழிலில் ஒருவர் அளவெடுக்க, இன்னொருவர் நோட்டில் எழுதுவார். கடைக்கே கேட்கிற மாதிரி "மார்பு நாற்பத்தி நாலு!" என்று கூவுவதுதான் வழக்கம். எங்கள் கடையில் கூவுவதில்லை. எழுதுகிற பெண் பக்கத்தில் வந்து டேப்பைப் பார்த்து எழுதிக்கொள்வாள். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் 'குண்டு', 'கறுப்பு' என்று அடையாளம் போட்டு வைப்பதும் தையல்கடைகளில் உண்டு. நாங்கள் தெருப் பெயரை எழுதிக்கொள்கிறோம். துணி இதுவரை மாறிப்போகவில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கை அந்தக் கட்டுரையிலேயே போட்டிருந்தீர்கள். 2019–21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்குக் கூடுதல் எடை அல்லது உடல் பருமன். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9. ஆண்களிலும் 37 சதவீதம். அப்படியானால் 'குண்டு ஆசாமி' என்று நீங்கள் கூப்பிடுவது காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறவர்களில் பெரும் பங்கை. உலகச் சுகாதார நிறுவனம் உடல் பருமனை நாள்பட்ட நோய் என்றே சொல்கிறது. பரம்பரை, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை, மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல இருக்க, வாயைக் கட்டாதவர் என்ற ஒரே முத்திரையைத்தான் எல்லோருக்கும் குத்துகிறோம்.

பூசி மெழுகச் சொல்லவில்லை. எடை கூடினால் சர்க்கரை வரலாம், முழங்கால் தேயலாம், தாராளமாக எழுதுங்கள். என் தங்கை தன்னையே 'குண்டம்மா' என்று சொல்லிக்கொள்வாள். அது அவள் உடம்பு, அவள் சொல்லலாம். பத்திரிகைக்கு அந்த உரிமையை அவள் கொடுக்கவில்லை. 'உடல் பருமன் உள்ளவர்கள்' என்றால் தலைப்பில் இடம் போதாது என்பீர்கள். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளிகள்' வந்தபோது இடம் கிடைத்ததே! 'குஷ்டரோகி' என்று இன்று எந்தப் பத்திரிகையாவது அச்சடிக்குமா?

அடுத்தது அந்தப் படம். கடைத்தெருவில் நடந்துபோகும் ஒரு பெண், பின்னாலிருந்து, கழுத்துக்கு மேலே வெட்டி, இடுப்பு மட்டும் பெரிதாக. தலை இல்லாவிட்டால் யாரென்று தெரியாது என்று நினைக்கிறீர்கள் போலும். முதுகுக் கழுத்தின் வெட்டையும் நாடா கட்டியிருக்கும் விதத்தையும் பார்த்தே எந்தக் கடைத் தையல் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லிவிடுவோம். புடவையை வைத்து வீட்டுக்காரர்கள் ஆளையே சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டா எடுத்தீர்கள்?

இனிப் படம் வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள், முகத்தோடு போடுங்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர், பூக்கடை வைத்திருக்கிறவர் என்று என் வாடிக்கையாளர்களிலேயே சம்மதிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொன்னால் நல்ல ரவிக்கையாகத் தைத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரி,
மன்னார்குடி.